இடைச்சொல்

இருபத்திரண்டு வருஷமாக
மற்றவர்கள் பேசியதை எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன்.
லிஸ்பன் நாடாளுமன்றத்தில்
சபாநாயகர் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை.
ஐந்து நிமிஷம் நான் எழுதுவேன்,
பிறகு ஒலேகாரியு வந்து உட்காருவான்,
நான் மாடிக்குப் போய்த் தட்டச்சு செய்வேன்.
கைதட்டினால் ‘கைதட்டல்’ என்று போடவேண்டும்.
கூச்சலிட்டால் ‘இடப்பக்க வரிசைகளில் எதிர்ப்பு’.
எல்லாரும் சும்மா இருந்துவிட்டால்
அதற்குக் குறி கிடையாது.

அந்தச் சட்டம் மறுபடியும் திரும்பி வந்திருந்தது.
நீதிபதிகள் கேட்டனுப்பியது ஒன்றே ஒன்று:
உடலும் மனமும் ஆன்மாவும் துன்புற்றால் என்றா,
உடலோ மனமோ ஆன்மாவோ என்றா?
மூன்றும் கூடி வரவேண்டுமா,
ஏதாவது ஒன்று வந்தால் சாகக் கேட்கலாமா?
ஒரு இடைச்சொல்.
அதற்காக அத்தனை பேரும்
மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டார்கள்.

பிராகான்சாவிலிருந்து வந்தவர், டாக்டர், எழுந்தார்.
“முப்பது வருஷம் இந்தக் கை ஒரு பக்கமாகவே பழகிவிட்டது,
திருப்பச் சொல்லாதீர்கள்” என்றார்.
கைதட்டல்.
பின்வரிசையில் ஒரு பெண், தாளைப் பார்க்காமல்:
“அப்பா கடைசி மூன்று வாரம் சுவரைப் பார்த்துக் கத்தினார்.
அந்தச் சுவருக்கு என்ன வண்ணம் என்று
இந்த அவையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.”
கைதட்டல், வேறு கைகள்.
“இன்றைக்கு நோயாளி,
நாளைக்கு ஏழை,
நாளன்றைக்குத் தனிக்கட்டை” என்றார் ஒருவர்.
எதிர்ப்பு.
கண்ணியம் என்ற சொல் பதினேழு தடவை வந்தது.
என் சுருக்கெழுத்தில் அது வலப்பக்கம் வளைந்த கொக்கி.
பதினேழு கொக்கி,
மாட்டுவதற்கு ஒரு சட்டைகூட இல்லை.

டாக்டர் சொன்னது சரியென்று பட்டது.
அந்தப் பெண் சொன்னதும் சரியென்று பட்டது.
இதை எழுத அந்த மேசையில் இடமில்லை.

வெள்ளிக்கிழமை. ஆறரை மணிப் படகு.
தேஜோ நதியைத் தாண்டினால் பர்ரெய்ரு.
அபீலியுவும் நானும் பிரிந்து ஒன்பது வருஷம்,
சாவி இன்னும் என்னிடம்தான்.
வாரநாள் இரவுகளுக்கு நெல்சா என்ற நர்ஸ்,
வெள்ளிக்கு நான்.
ரயில் பட்டறையில் இரும்பைத் தூக்கிய தோள்
இப்போது தலையணையைத்தான் சுமக்கிறது.
நாக்கு போய்விட்டது. மூளை போகவில்லை.
மிச்சம் இரண்டு ஒலி:
உம்.
ஓ.
உம் என்றால் ஆமாம்.
ஓ என்றால் இல்லை,
சில நேரம் வலி,
சில நேரம் பென்ஃபிகா கோல் வாங்கிவிட்டது.

குழாயில் கஞ்சி இறங்கும்வரை
அன்றைய பேச்சை வாசித்துக்காட்டினேன்.
டாக்டருக்கு, உம்.
சுவர்க்காரிக்கு, உம்.
ஏழை, தனிக்கட்டை என்றவருக்கு
வெகுநேரம் கழித்து, உம்.
கண்ணியத்துக்கு, ஓ.
(சிரிக்கிறான் என்று கண்ணோரத்தில் தெரிந்தது.)

வாய் தவறிக் கேட்டுவிட்டேன்:
“சட்டம் வந்தால், நீ கேட்பாயா?”

ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடியது. நின்றது.
கீழே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்கள்.
அப்புறம் அவன் தொண்டையிலிருந்து ஒன்று வந்தது.
உதடு மூடியிருந்தால் அது உம்.
திறந்திருந்தால் ஓ.
அவன் உதடு இரண்டும் செய்வதில்லை இப்போது.
பென்சில் என் கையில்தான் இருந்தது.
நான் மறுபடி கேட்கவில்லை.
தலையணையைத் திருப்பி,
குளிர்ந்த பக்கத்தை அவன் கன்னத்துக்குக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஒலேகாரியு
என் பிரதியோடு வந்தான், சிவப்புப் பேனாவோடு.
பிரிவு மூன்று, இரண்டாம் வரி.
ஓ வரவேண்டிய இடத்தில் உம் போட்டிருக்கிறேனாம்.
அவன் திருத்திவிட்டான்.
இத்தனை வருஷத்தில் நீ இப்படிச் செய்ததில்லையே,
ராத்திரி தூங்கவில்லையா என்றான்.

உம் என்றேன்.